காலியாய்க் கிடப்பது யாருக்கு உரியது?

குமிழைத் திருகி நிலையம் தேடும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடுகளில் இருந்த நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்குக் குமிழ் நகரும்போது, இடையே திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும். மழை பெய்வது போன்ற ஓர் இரைச்சல் எழும். "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிக் குமிழை மேலும் திருகினோம். அந்த 'ஒன்றுமில்லாத' இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

அவ்விடம் உண்மையிலேயே காலியாக இருந்ததா? காலியாக இருந்ததாயின், அது எவருடையது? ஒருவருக்கென ஒதுக்கப்பட்டு, அவரால் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் ஒன்றை, அது இன்றித் தவிக்கும் மற்றொருவர் எடுத்துக்கொள்வது அறமா, அத்துமீறலா? நிலத்தைக் குறித்தும் நீரைக் குறித்தும் மனிதர் காலந்தோறும் கேட்டுவந்த வினா இது. இந்த நூற்றாண்டில் அது வான் அலைகளைக் குறித்தும் எழுந்துள்ளது.

வானத்து வரப்புகள்

தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென ஒவ்வொரு நாட்டு அரசும் வான் அலைகளில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்திருக்கிறது. அப்பகுதி வயலைப் போலச் சம அகலமுள்ள பாத்திகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் ஒரு பாத்தியின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் 8 மெகாஹெர்ட்ஸ். ஒரு நகரில் ஒரு பாத்தியில் ஒளிபரப்பு நிகழ்ந்தால், அதற்கு அடுத்த பாத்தியை அங்கே வெறுமையாக விடுவது பழைய வழக்கம். அவ்வாறே, அருகிலுள்ள நகரத்தின் நிலையமும் அதே பாத்தியைப் பயன்படுத்தலாகாது. இல்லையேல் ஒன்றின் படம் மற்றொன்றின் படத்தைக் குலைத்துவிடும். ஆதலால் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஒதுக்கப்பட்ட பாத்திகளுள் சில பேசும். சில ஊமையாய்க் கிடக்கும். இவ்வூரில் ஊமையாய் இருப்பது அடுத்த ஊரில் பேசிக்கொண்டிருக்கும். இவ்வாறு ஓரிடத்தில் பயன்படாமல் கிடப்பவற்றையே பொறியாளர்கள் 'வெள்ளை இடைவெளி' என்று அழைக்கின்றனர்.

இவ்விடைவெளிகள் வயலுக்கு வரப்பு போன்றவை. வரப்பில் நெல் விளைவதில்லை. ஆயினும் அது வீண் நிலமன்று. இரு வயல்களின் நீரும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது அதுவே. அவ்வரப்பின் மீதுதான் வழிப்போக்கர் நடக்கின்றனர். அதில் முளைக்கும் புல்லை நிலமற்றோர் தம் ஆட்டுக்கு அறுத்துச் செல்கின்றனர். உழவர் அதைத் தடுப்பதில்லை. ஆனால் புல்லறுப்பவர் வரப்பையே வெட்டிவிட்டால் வாளாவிருக்கவும் மாட்டார்.

இந்த வானத்துப் புல்லுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். வீடுகளில் இணையத்திற்குப் பயன்படும் கம்பியில்லா அலை பெரும்பாலும் 2400 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட அளவில் இயங்குகிறது. அதனால் சில சுவர்களையே கடக்க இயலாமல் அது தளர்ந்துவிடுகிறது. தொலைக்காட்சி அலைகளோ ஏறத்தாழ 500, 600 மெகாஹெர்ட்ஸ் அளவின. அதிர்வெண் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், பிற யாவும் சமமாய் இருக்கும்போது, வெட்டவெளியில் அலை நான்கு மடங்கு தொலைவு சென்றடையும். அன்றியும் அது மரக்கூட்டத்தை ஊடுருவும்; சிறு குன்றின் முகட்டில் வளைந்து அப்பாலும் ஓரளவு எட்டும். 2011ஆம் ஆண்டு மின்னியல், மின்னணுவியல் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பு இதற்கெனவே ஒரு தர விதியை வெளியிட்டது. ஒரே நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவுவரை சேவை தரக்கூடிய முறை அதில் வகுக்கப்பட்டிருந்தது. கண்ணாடி இழை வடம் பதிக்கப் பணமில்லாத மலைச்சிற்றூருக்கு இது எத்தகைய வாய்ப்பு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஒலிவாங்கிகள் உணர்த்திய பாடம்

2008ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அமெரிக்க மக்கள் தங்கள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த அதே நாளில், அந்நாட்டின் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் இவ்விடைவெளிகளைத் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அதற்கு முன்னர் நடந்த வழக்காடல் நம் சிந்தனைக்கு உரியது. ஒளிபரப்பாளர் சங்கம் எதிர்த்தது. தங்கள் நிகழ்ச்சிகள் குலையும் என்றது. நாடக அரங்குகள் எதிர்த்தன. பாடகி டாலி பார்ட்டன் ஆணையத்திற்குக் கடிதமே எழுதினார். பல கிறிஸ்தவ ஆலயங்களும் கவலை தெரிவித்தன. மேடையிலும் மறையுரைப் பீடத்திலும் பயன்படும் கம்பியில்லா ஒலிவாங்கிகள் இயங்கியது இவ்விடைவெளிகளில்தான் என்பதே காரணம்.

இங்கே ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்நாட்டுச் சட்டப்படி அத்தகைய ஒலிவாங்கிகளுக்கான உரிமம் ஒளிபரப்பு நிறுவனங்கள், திரைப்படத் தயாரிப்பாளர்கள் போன்ற சிலருக்கே உரியதாயிருந்தது. ஆலயங்களும் அரங்குகளும் பல்லாண்டுகளாய் உரிமமின்றியே அவற்றைப் பயன்படுத்திவந்திருந்தன. பெரும்பாலோர் அதை அறிந்துகூட இருக்கவில்லை. கடையில் விற்றார்கள், வாங்கினார்கள். காலியாய்க் கிடந்த இடத்தில் கேளாமல் புகுந்தவர்களே, பின்னர் வந்தவர்களை நோக்கி, "இது எங்கள் இடம்" என்று வாதாடினர். 2010ஆம் ஆண்டு அவர்கள் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை விட்டு வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய பகுதியில் அவர்களது பயன்பாட்டுக்குச் சட்டப்படி இடமளிக்கப்பட்டது.

இதைக் குற்றமாகச் சுட்ட நாம் முன்வரவில்லை. ஆனால் இதில் மனித இயல்பு ஒன்று பளிச்சென்று தெரிகிறது. நாம் நுழையும்போது அது காலியிடம். பிறர் நுழையும்போது அது நம் இடம். நெடுநாள் பழக்கம் உரிமையின் உடையை அணிந்துகொள்கிறது. நாமும் ஒரு காலத்தில் கேளாமல் வந்தவர்களே என்ற நினைவு இருந்தால், பின்னே வருபவரிடம் நம் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

உடைமையும் பயனும்

வான் அலைகளைப் படைத்தவர் எவருமிலர். உழுது பண்படுத்தியவரும் இலர். நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்றும், பொது நலத்திற்காக அவை முறைப்படுத்தப்படவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே ஒளிபரப்பாளர் கையில் இருப்பது உடைமையன்று, உரிமம் மட்டுமே. இவ்வளவையும் எவரும் ஒப்புவர். அடுத்த படியில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ் உடைமையைப் பற்றி ஆராய்ந்தபோது இரண்டைப் பிரித்துக் காட்டினார். பொருளை ஈட்டுவதும் பேணுவதும் பகிர்ந்தளிப்பதும் தனியொருவரின் பொறுப்பில் இருப்பது முறையே. அதனால் அமைதியும் ஒழுங்கும் நிலைக்கும். ஆனால் பொருளின் பயன் என்று வரும்போது, அதைத் தனக்கே உரியது எனக் கருதாமல், தேவையுற்றோருக்கு எளிதில் பகிரும் மனத்துடன் பொதுவானதாய்க் கருதவேண்டும் என்பது அவர் துணிபு. நிலம், தானியம் போன்றவற்றுக்கே இது பொருந்துமாயின், உரிமம் மட்டுமே உள்ள அலைவரிசைக்கு எவ்வளவு மிகுதியாகப் பொருந்தும்! பயன்படுத்துவதற்காகக் கொடுக்கப்பட்ட உரிமத்தில், பயன்படுத்தாமல் பூட்டிவைக்கும் உரிமை அடங்கியிருப்பதாக நாம் கருத இயலாது.

மறுபுறமும் நியாயம் உண்டு. வரப்பு வெறுமையாய் இருப்பதே அதன் பணி என்று முன்னர்க் கூறினோம். அமைதியாய் இருப்பதெல்லாம் பயனற்றது என்று எண்ணுவது ஆக்கிரமிப்பாளரின் கண்ணோட்டம். ஏரிக்கரைப் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் 'சும்மா கிடக்கிறது' என்று சொல்லப்பட்டே கட்டடங்களாயின. பின்னர் வெள்ளம் வந்தபோதுதான் அவை சும்மா கிடக்கவில்லை என்பது தெரிந்தது. எனவே காலியாய்த் தோன்றுவது மெய்யாகவே காலிதானா என்று ஆராய்ந்து தெளிவது, அதைக் கேட்பவரின் முதற் கடமை.

கேட்டுவிட்டுப் பேசும் கருவி

இவ்விரு நியாயங்களுக்கும் இடையே பொறியாளர்கள் கண்ட வழி நம் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. இடைவெளியைப் பயன்படுத்தும் கருவி, வாய் திறக்குமுன் தான் நிற்கும் இடத்தை அறிந்து, ஒரு பொதுப் பதிவேட்டிடம் "இவ்விடத்தில் எந்த அலைவரிசை காலியாக உள்ளது?" என்று இணையத்தின் வழியே கேட்கவேண்டும். விடை வந்த பின்னரே, அனுமதித்த வலிமையளவில் பேசவேண்டும். அமெரிக்காவின் தொடக்கக்கால விதிப்படி குறைந்தது நாளுக்கு ஒரு முறையேனும் மீண்டும் கேட்கவேண்டியிருந்தது. உரியவர் வந்துவிட்டால் விருந்தாளி விலகவேண்டும்.

கேட்டுப் பெறுதல், அளவோடு நிற்றல், உரியவர் வந்தால் எழுந்து இடமளித்தல்: மனிதருக்கே கற்பிக்க அரிதான மூன்று பண்புகளை ஒரு கருவியின் விதியாக எழுதிவைத்தனர். ஆனால் கருவியை நாட்டுபவர் மனிதர்தாமே! இடத்தையும் பெயரையும் பதிவு செய்வதில் பொய்யான விவரங்கள் பல நுழைந்துள்ளன என்று 2015ஆம் ஆண்டு ஒளிபரப்பாளர் சங்கம் ஆணையத்திடம் முறையிட்டது. விதி எவ்வளவு நுட்பமாயினும், அதன் முதல் வரியை எழுதும் கை நேர்மையற்றதாயின் முழுவதும் பழுதாகிவிடும். ஏழையின் பெயரால் கேட்பவருக்கும் இதில் விலக்கில்லை.

இனி இதனால் விளைந்தவற்றைக் காண்போம். 2013ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், சோம்பா நகரைச் சுற்றி ஒரு சோதனைத் தொடர்பு அமைக்கப்பட்டது. மலாவிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இத்தாலியின் டிரியெஸ்ட் நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தினரும் இணைந்து செய்த பணி அது. தூய மரியா பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பிரிமிட்டி என்னும் ஊரின் மருத்துவமனை, நிலவியல் ஆய்வுத் துறை ஆகியவை அதன்வழி இணைக்கப்பட்டன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பத்துப் பள்ளிகள் இம்முறையில் இணையம் பெற்றன. நம் நாட்டில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் மகாராட்டிரத்தின் பால்கர் வட்டாரத்தில் ஏழு குக்கிராமங்களை இவ்வலைகளால் இணைத்துச் சோதித்தனர். இந்தியாவில் 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 15 அலைவரிசைகளுள் ஏறத்தாழ 12 எங்கும் காலியாகவே கிடக்கின்றன என்று அவர்களது ஆய்வு 2014இல் காட்டியது. தரைவழி ஒளிபரப்புக்குத் தூர்தர்சன் ஒன்றே இருந்ததுதான் இதன் காரணம். பின்னர் அதன் பழைய ஒளிபரப்பிகளும் 2022க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன.

எச்சமா, பங்கா?

இவ்வளவும் நன்றே. ஆயினும் ஒரு நெருடல் நம்மை விட்டு அகலவில்லை. அதை விளக்க நம் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்குமுன் நாம் உறுப்பினராயிருந்த ஓர் ஊர்க் குழுவின் பொறுப்பில் ஒரு மண்டபம் இருந்தது. திருமண நாள்கள் தவிர்த்து அது பூட்டியே கிடக்கும். மின்விளக்குச் சரியில்லாத வீடுகளின் பிள்ளைகள் மாலையில் அங்கே படிக்க அனுமதி கேட்டனர். மகிழ்ந்து கொடுத்தோம், "எங்களுக்குத் தேவைப்படும்வரை" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டோம். எழுபது பிள்ளைகள் வந்தனர். அடுத்த மார்ச்சு மாதம் ஒரு துணி வியாபாரி மூன்று வார விற்பனைக்கு நல்ல வாடகை தருவதாக வந்தார். கையெழுத்திட்டவர்களுள் நாமும் ஒருவர். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. ஒரு தாய் வந்து, "பரீட்சை முடியுற வரைக்குமாவது விட்டிருக்கலாமே, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எந்த ஒப்பந்தத்தையும் நாம் மீறவில்லை. ஆயினும் அச்சொல்லுக்கு மறுமொழி நம்மிடம் இல்லை.

அலைவரிசைகளின் வரலாறும் இதையொத்தே அமைந்தது. விருந்தாளி என்ற நிலையில் வந்தவருக்கு எந்தப் பாத்தியும் நிலையாக உரியதன்று. அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவுற்ற ஏலத்தில், தொலைக்காட்சிப் பகுதியிலிருந்து 84 மெகாஹெர்ட்ஸ் வேறு பயனுக்கு மாற்றப்பட்டு, பெரும்பகுதி கைப்பேசி நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. தம் அலைவரிசையைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த 175 நிலையங்கள் 1000 கோடி டாலருக்கு மேல் பெற்றன. பொதுச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர்க்கு, அதைப் பொதுமக்களிடம் திருப்பித் தருவதற்கு விலை கிடைத்தது. மிஞ்சிய நிலையங்கள் நெருக்கமாய் அடுக்கப்பட, இடைவெளிகள் குறைந்தன. இடைவெளியை நம்பியிருந்த சிற்றூர்த் தொடர்புகளுக்கு இடம் சுருங்கியது. நாளை எத்தனை இடைவெளி எஞ்சும் என்று தெரியாத நிலையில், கருவி செய்வோர் பெருந்தொகை முதலிடத் தயங்கினர். கருவிகளின் விலையும் இறங்கவில்லை. இத்தொழில்நுட்பம் எதிர்பார்த்த அளவு பரவாமற் போனதற்கு இந்நிலையின்மையும் ஒரு காரணம்.

இங்கேதான் எச்சத்துக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. எச்சம் என்பது உடையவரின் வயிறு நிறைந்தபின் மிஞ்சுவது. அவருக்குப் பசி மிகுந்தால் அது குறையும். விலை ஏறினால் மறையும். பங்கு என்பது முன்னரே எடுத்துவைக்கப்படுவது. லேவியர் நூலில் காணும் அறுவடைச் சட்டத்தை நாம் அறிவோம். சிந்திய கதிரை ஏழை பொறுக்கிக்கொள்ளட்டும் என்பதோடு அச்சட்டம் நிற்கவில்லை; வயலின் ஓரத்தை அறுக்காமலே விடு என்றும் பணித்தது. சிந்தியது எச்சம், விடப்பட்ட ஓரம் பங்கு. சிந்தும் கதிரின் அளவு அறுப்பவரின் கைத்திறனைப் பொறுத்தது. ஓரமோ சட்டத்தைப் பொறுத்தது.

வானத்திலும் அத்தகைய ஓரம் ஒன்றை விட முயற்சி நடந்தது. ஏலத்திற்குப் பின் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது ஓர் அலைவரிசையாவது காலியாக, உரிமமற்ற பயன்பாட்டுக்கென நிலையாக இருக்கவேண்டும் என்று 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆணையம் முன்மொழிந்தது. ஒளிபரப்பாளர்கள் எதிர்த்தனர். அது நிறைவேறவில்லை.

வேலியிடப்பட்டதெல்லாம் பயன்படுத்தப்படவேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. உரியவர் தம் உரிமையை இழக்கவேண்டும் என்றும் கூறவில்லை. கேட்பவர் கேட்டுப் பெறட்டும், அளவோடு நிற்கட்டும். ஆனால் கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் தம் வாழ்வை ஊன்றிக்கொள்ளும் ஒன்றைக் கொடுத்தபின், அதை நினைத்த நாளில் பிடுங்கும் உரிமை அவருக்கு முன்போல முழுமையாய் இல்லை. ஒரு மருத்துவமனை அவ்வலையில் பேசத் தொடங்கிய பின் அது வெறும் காலியிடமன்று. 'தேவைப்படும்வரை' என்று நாம் சொல்லும்போது, எவருடைய தேவை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

நாம் சொன்ன மண்டபம் இன்றும் இருக்கிறது. குழுவின் விதியில் இப்போது ஒரு வரி கூடியுள்ளது: சனவரி முதல் தேர்வு முடியும் நாள்வரை மாலை வேளைகளில் மண்டபத்தை வாடகைக்கு விடுவதில்லை. அதனால் ஆண்டு வருமானம் சற்றுக் குறைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பும் எழுந்தது. அன்று வந்த தாயின் மகன் அந்த ஆண்டே தேர்வெழுதிவிட்டான். அவனுக்கு அந்த வரியால் பயனில்லை.